தாய்ஜோடி

"தாய்ஜோடியைக் காட்டுங்க, லாம்பெர்ட்."

கேட்டே விட்டாள் மாய்கே. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சொன்னவள், தவளை வளர்த்து விற்கும் லாம்பெர்ட்டின் மனைவி அலைடா. காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து வைத்துவிட்டு டப்பாவை இறுக மூடிக்கொண்டே, செருப்பை வாசலில் கழற்றச் சொல்வதுபோல இரண்டு விதிகளைச் சொன்னாள். தாய்ஜோடியை, அதாவது இந்தத் தவளைகளைப் பெற்ற ஆணையும் பெண்ணையும், காட்டச் சொல்லி அவரிடம் கேட்காதே. பரண் அறையில் தவளைகள் நடுவே அசையாமல் நிற்காதே.

இன்று காலையிலிருந்து மாய்கேயின் கீழுதடு மரத்துக் கிடந்தது. பத்து மணிக்கு ஒரு தவளையை டப்பா மாற்றும்போது அது துள்ளிக் கையில் விழுந்தது. கட்டைவிரல் நகமளவு உடம்பு, ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளி. பிடித்து உள்ளே விட்டாள். அப்புறம் விரலில் ஒட்டியிருந்த பிஸ்கட் துகளை நக்கினாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் உதடு அவளுடையதாக இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவளைப்போல இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது.

தவளை வளர்ப்பவர்களின் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது: விஷம் தவளையின் சொந்தச் சரக்கு இல்லை. காட்டில் தின்னும் எறும்பிலும் உண்ணியிலும் இருந்து தோலுக்கு வருவது. கண்ணாடித் தொட்டியில் பிறந்து பழ ஈயைத் தின்று வளர்ந்ததன் தோலில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் இந்த ஊரில் யாரும் கையுறை மாட்டுவதில்லை. அவளும் மாட்டவில்லை.

அப்படியானால் இவை காட்டில் பிடித்தவை. கடத்தி வந்தவை. விற்பனைக்கு இருக்கும் நாற்பத்து மூன்று தவளைகளும் "வீட்டில் பிறந்தவை" என்ற சான்றிதழின் அடியில் இருப்பது மாய்கேயின் கையெழுத்து.

அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பால் ரசீதைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பா ஹார்மென் பால் டேங்கர் ஓட்டுகிறார். மகளின் பட்டத்தைப் படமெடுத்து ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். பால் ஏற்றப் போகும் பண்ணையிலெல்லாம் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார். சனிக்கிழமை விளையாட்டு அரங்கில் தவளைச் சந்தை. நாற்பத்து மூன்றும் நாற்பத்து மூன்று வீட்டுக்குப் போகும். ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை விரலை வாயில் வைக்கும். அப்போது லாம்பெர்ட்டை யாரும் கேட்கமாட்டார்கள். முப்பது வருடமாகத் தவளை வளர்க்கிறவர், நல்ல மனிதர், பாவம், படித்த பெண்ணை நம்பினார் என்பார்கள். லாம்பெர்ட் மாதிரி ஆளுக்குப் பெயர் இருக்கிறது. அவளிடம் இருப்பது அந்த ஒரு காகிதம்.

லாம்பெர்ட் பட்டாணி சூப்பிலிருந்து கரண்டியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனைவியைப் பார்த்தார். கல்யாணப் பேச்சில் சம்மதம் கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

"பட்டம் வாங்கின பொண்ணு பாரு," என்றார். "சொன்னா நம்பாது. கண்ணால பாக்கணும்."

"என் பேரு அதுல இருக்கு. மாட்டினா நான்தான மாட்டுவேன், நீங்களா?"

"காட்டுலேர்ந்து ஒண்ணுகூட வரல. சத்தியமா. எல்லாம் வீட்டுப் பொறப்பு."

"அப்ப என் உதடு ஏன் மரத்துப்போச்சு?"

"கையக் கழுவாம நக்குனா?" என்று சிரித்தாள் அலைடா. சிரிப்பில் கிண்டல் குறைவாகவும் பிரியம் அதிகமாகவும் இருந்தது. மாய்கேக்கு அது பிடிக்கவில்லை.

காட்டாவிட்டால் இப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு சான்றிதழைப் பதிந்த நகரத்து அலுவலகத்துக்குப் போய், அதைக் கிழித்துப் போடச் சொல்லப் போவதாகச் சொன்னாள். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. காட்டினாலும் போவது என்று மாடிப்படியில் கால் வைக்கும்போதே முடிவு செய்திருந்தாள்.

பரண் அறையில் நவம்பர் கிடையாது. கீழே சன்னலுக்கு வெளியே வாய்க்காலும் வயலும் தெரியாதபடி மூடுபனி நின்றிருக்க, மேலே அறுபத்து நான்கு தொட்டிகளிலும் விளக்குகள் உச்சிவெயிலாக எரிந்தன. ஈ வளர்க்கும் புட்டிகளிலிருந்து புளித்த மாவும் வினிகரும் கலந்த வாடை, அதற்கடியில் ஈரக் கரி, மட்கிய இலை, ஊறிய தேங்காய் ஓடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வாடை ஏறிவந்து தொண்டையில் உட்கார்ந்தது. கண்ணாடிகளின் உட்புறம் பழைய கறுப்புப் பிலிம் டப்பிகள் சாய்வாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு டப்பியிலும் ஒரு மடக்குத் தண்ணீர், அதில் ஒரே ஒரு தலைப்பிரட்டை. இரண்டைச் சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இந்த வேலைக்கு அவள் ஆசையாக வந்ததே இதற்காகத்தான். முட்டை பொரிந்ததும் அப்பன் அதன் பக்கத்தில் போய் அசையாமல் உட்காரும். ஈரமாக, அசையாமல் இருக்கிற முதுகில் குஞ்சுகள் தாமாக ஏறிக்கொள்ளும். அப்பன் அவற்றைச் சுமந்துபோய் ஆளுக்கொரு தண்ணீரில் இறக்கும். பசித்தால் அப்பன் கூப்பிடும். அம்மா வந்து பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, குஞ்சு தின்பதற்கென்றே கருவில்லாத முட்டை ஒன்றை இட்டுவிட்டுப் போகும். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். எழுதும்போது ஒரு தடவை அழுதும் இருக்கிறாள், யாரிடமும் சொன்னதில்லை.

லாம்பெர்ட் கடைசி அலமாரியை ஒதுக்கினார். பின்னால் ஒரு கதவு. இத்தனை மாதம் அதை நீர்க்குழாய் அறை என்று நினைத்திருந்தாள்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு இந்தப் பக்கமிருந்துதான் ஒரு ஒலி வரும், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல நீளமாக. அதைக் கேட்டதும் அலைடா பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு மேலே போவாள். வெறுங்கையோடு. கால் மணி நேரம் கழித்து ஈரத் தலையோடு இறங்கி வருவாள். தவளைக்கு இரை போடுகிறாள் என்று மாய்கே எண்ணிக்கொண்டாள். வெறுங்கை அவள் கண்ணில் பட்டிருந்தது. யோசிக்கவில்லை.

"காலைத் தூக்கி வை. நிலைப்படி உயரம்," என்றார் லாம்பெர்ட்.

உள்ளே சூடு. கூரைச் சரிவிலிருந்து தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுக்க வாதுமை மர இலை, கணுக்கால் வரைக்கும். சுவர்களில் பாசி, பாசிக்கு மேலே அகல அகலமாக இலைகள், இலைகளுக்கு நடுவே கறுப்பு வாளிகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தன. பிலிம் டப்பிகள் இருந்த அதே சாய்வில். மூலையில், முட்டையிடத் தேங்காய் ஓடு கவிழ்த்திருக்க வேண்டிய இடத்தில் மரப்பீப்பாயின் பாதி கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் ஏதோ பளபளத்தது. கூழ்போல.

அவள் தொட்டியைத் தேடினாள். தவளையைத் தேடினாள். இவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டுத் தொட்டிக் கண்ணாடியை எங்கே வைத்தார்?

கண்ணாடி அவளுக்குப் பின்னால் இருந்தது. கதவின் உட்புறம்.

அவள்தான் உள்ளே நின்றாள்.

லாம்பெர்ட் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து ஆணியில் போட்டார். உள்சட்டையையும். வயதான மனிதரின் தொங்கிய, வெளுத்த தோள். பிறகு திரும்பினார்.

முதுகு கறுப்பாக இருந்தது.

கறுப்பு அசைந்தது.

விரல் நீளம் ஒவ்வொன்றும். வாயால் தோலைக் கவ்வியபடி. வால்கள் மட்டும் நெளிந்தன, எல்லாம் ஒரே பக்கமாக, காற்றில் சாய்கிற புல்லைப் போல. வாய் பதிந்திருந்த இடங்களில் தோல் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. நடுவில் கறுப்புப் புள்ளி.

"கேட்டியே," என்றார் திரும்பாமலே. "நல்லாப் பாத்துக்க."

அவர் தொண்டை உப்பியது. அந்த ஒலி. கடிகாரத்துக்குச் சாவி.

படியில் அலைடாவின் காலடி. அவசரமில்லாத காலடி. உள்ளே வந்தாள், மாய்கேயைத் தாண்டிப் போனாள், முதல் வாளியருகே பாவாடையைச் சற்று உயர்த்தி, பின்பக்கமாக, குந்தினாள். வாளிக்குள்ளிருந்து தண்ணீர் படபடவென்று அடித்தது. பசி. அலைடா கண்ணை மூடிக்கொண்டாள். விஷம் காட்டிலிருந்து வரவில்லை, இவளிடமிருந்துதான். அடுத்த வாளி. அதற்கடுத்தது.

ஓடு.

கால் வரவில்லை.

கத்து. உதடு மரத்திருந்தது. நாக்கும்.

தூறல் தலையில் விழுந்தது, கழுத்தில் இறங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் கவிழ்ந்த பீப்பாய். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. ஈரமாக. அசையாமல்.

கணுக்காலில் குளிர்ச்சியாக ஒன்று. முழங்காலின் பின்புறம். இடுப்பு.

சட்டைக்குள், தோளெலும்புகளுக்கு நடுவே ஒரு சின்ன வாய் பதிந்தது.

வலிக்கவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. ஐந்து வரைக்கும் எண்ணினாள்.

அலைடா கடைசி வாளியிலிருந்து எழுந்து பாவாடையைச் சரிசெய்தாள். மாய்கேயின் பின்னால் வந்து பார்த்தாள். நனைந்த கூந்தலை அவள் கழுத்திலிருந்து மெல்ல ஒதுக்கிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குச் செய்வதுபோல.

"அசையாம நிக்காதன்னு சொன்னேன்ல," என்றாள்.

அப்போதுதான் கால் வந்தது. யாரும் தடுக்கவில்லை. அறுபத்து நான்கு தொட்டிகளைத் தாண்டினாள், படி இறங்கினாள், ஆறிப்போன சூப்பைத் தாண்டினாள். வாசலில் மூடுபனியில் சைக்கிள் சாய்ந்து நின்றது. நகரம் எட்டு கிலோமீட்டர். அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும். போவேன் என்று முடிவு செய்திருந்தாள் அல்லவா.

கைப்பிடியைத் தொட்டாள். சைக்கிள் குலுங்கும். குலுங்கினால் முதுகிலிருப்பவை விழுந்துவிடும்.

விட்டுவிட்டாள்.

வாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது. அது ஆகாது. எல்லாம் ஒன்றாகிவிடும், ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனியாக வேண்டும். இருட்டாக, அசையாத தண்ணீராக, ஆளுக்கு ஒன்று. அம்மா வீட்டின் பின்புறம் மழைத்தொட்டி ஒன்று. பக்கத்துப் பண்ணையில் மாடு குடிக்கும் தொட்டி. தேவாலயத்தின் ஞானஸ்நானக் கல்தொட்டி. அக்காவின் குழந்தையைக் குளிப்பாட்டும் நீலத் தொட்டி. எந்த வரிசையில் என்பதும் தெரிந்திருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவதற்கு அப்பாவின் டேங்கர்.

முதுகைச் சற்றே வளைத்து, அடிமேல் அடி வைத்து, ஒன்றும் நழுவாதபடி, மாய்கே வாசலைக் கடந்து நடந்தாள்.