செங்கண் புறா ஒன்பது

வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் நேற்று மாலை ஒரு மணி நேரம் வாயே திறக்காமல், புல்வெளியில் உள்ள தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தாள்.

புல்வெளிப் பறவைகளைக் கணக்கெடுப்பது அம்மாவின் வேலை. அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டதால், நோட்டும் தொலைநோக்கியும் வாயாடியின் கைக்கு வந்துவிட்டன. "செங்கண் புறா – 9" என்று பேனாவால் எழுதி, பெருமை தாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"செங்கண் புறாவா! இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. கழுத்துல கறுப்புப் பட்டை இருந்துதா?"

"இருந்துச்சும்மா. கண்ணும் நல்லா சிவப்பு!"

அம்மா நோட்டை உறையில் போட்டு ஒட்டினார். காலையில் ஜீப் வந்து அதை அம்மாவின் ஆபீசுக்குக் கொண்டுபோகும்.

விடிந்ததும் தன் புறாக்களை இன்னொரு முறை பார்க்க ஓடினாள் வாயாடி. அதே ஒன்பது. அதே கறுப்புப் பட்டை. ஆனால் கண்? கன்னங்கரேலென்று இருந்தது! பறந்தபோது வால் நுனியில் வெள்ளை வேறு தெரிந்தது. செங்கண் புறாவுக்கு அந்த வெள்ளை கிடையாது; வளையக் கழுத்துப் புறாவுக்குத்தான் உண்டு. நேற்று கண்ணைச் சிவப்பாகக் காட்டியது சாயங்கால வெயில்தான்.

அம்மாவின் கணக்கை ஆபீசில் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அந்தப் பெயரை ஒரே மாலையில் கெடுத்துவிட்டாளே! சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் வராத பறவை வந்ததாக அல்லவா ஆகிவிடும்?

வாசலில் ஜீப் உறுமியது. தலைதெறிக்க ஓடினாள்.

"டிரைவர் மாமா, நிறுத்துங்க! அது செங்கண் புறா இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்!"

அம்மா நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். வாயாடி மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "வெள்ளை மை வச்சு அழிச்சிடவாம்மா?"

"அழிக்கவே கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு. எங்க வேலையில தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்."

அம்மா டிரைவரிடமிருந்து உறையை வாங்கிப் பிரித்து, நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். அங்கே "ஆந்தை – 1" என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில், "ஆந்தை இல்லை, கவிழ்த்த பானை."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பானை எத்தனை முட்டை போட்டுச்சு அக்கா?"

வாயாடியும் ஒரு கோடு போட்டாள். "வளையக் கழுத்துப் புறா – 9. கண் கறுப்பு, வால் நுனி வெள்ளை" என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்திட்டாள்.

"ஆபீஸ்ல திட்டுவாங்களாம்மா?"

"மறுநாளே போய்ச் சரிபார்த்தவளை எதுக்குத் திட்டப்போறாங்க?"

அப்பாடா! பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான், தான் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை என்பதே அவளுக்கு நினைவு வந்தது.