வீரர் சிலையடியில் பன்னிரண்டு விநாடி

நித்தியானந்தனிடம் வந்த வழக்குகளிலேயே மிகச் சின்னது எது என்று கேட்டால், வெங்கட்ராமன் யோசிக்காமல் சொல்வார்: பன்னிரண்டு விநாடி. அந்தப் பன்னிரண்டு விநாடிக்காகத்தான் 1978 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் குளிரில் மஃப்ளர் பறக்க அவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். பின்னாலேயே லிகாயா என்ற பிலிப்பைன்ஸ் பெண், தகரப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

நித்தியானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தொலைந்த பொருள்கள் பிரிவில் வேலை. குடை, பல்செட்டு, ஒரு தடவை ஒரு மரக்கால் என்று எது வந்தாலும் உரியவரைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் சிட்னியில் இருந்த சொற்பத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாய் தொலைந்தாலும் அவர்தான், நகை தொலைந்தாலும் அவர்தான். வெங்கட்ராமன் திருச்சிக்காரர், மின்சாரப் பொறியாளர், நாற்பத்தாறு வயது; திரைப்படச் சங்கத்து மண்டபத்தில் படம் ஓட்டுபவரும் அவரே. துப்பறியும் வேலை என்றால் சாப்பாட்டை மறப்பார். சாப்பாடு என்றால் துப்பறிவதை மறப்பார்.

"சார், படத்தை வெட்டிட்டாங்க சார்! நாளைக்கு சாயங்காலம் ஷோ!"

"ஐசே, முதல்ல இதில இரும், மூச்சை விடும்," என்று கதிரையைக் காட்டினார் நித்தியானந்தன். "அவ சொல்லட்டும்."

லிகாயா ஆங்கிலத்தில் சொன்னாள். பெட்டிக்குள் இருப்பது அவள் எடுத்த படம். அவர்களுடைய தேசிய வீரரைப் பற்றியது. அந்நிய ஆட்சியாளர்கள் சுட்டுக் கொன்ற அந்த மனிதருக்கு அங்கே ஊருக்கு ஊர் சிலை. சாவதற்கு முதல்நாள் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினாரா, எழுதியிருந்தால் அவர் நம்முடையவர் இல்லையா என்று படம் கேட்கிறது. கேட்டது அங்கே யாருக்குப் பிடிக்கும்? நெகட்டிவைப் பறித்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஒரே பிரதியோடு அவள் இங்கே வந்து சேர்ந்தாள்.

"புதன்கிழமை மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். முழுதாக இருந்தது. இன்று மத்தியானம் ஓட்டினால் மூன்றாவது சுருளில் சிக்கி நின்றது. பன்னிரண்டு விநாடி இல்லை. வெட்டி, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள்."

"என்ன காட்சி?"

"பூங்காவில் வீரரின் சிலை. அதனடியில் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு இனி மணிலா என்றால் அந்தப் பன்னிரண்டு விநாடிதான், ஐயா. திரும்பிப் போக எனக்கு வழியில்லை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெங்கட்ராமனுக்குத் தாங்கவில்லை. "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அன்செல்மோ! அவரும் பிலிப்பைன்ஸ்காரர். ஒத்திகையிலயே கத்திட்டுப் போனார், 'எங்கள் தகப்பனை அவமதிக்கிறாய்'னு. அவர் சம்சாரம் வேற நர்ஸு. பிளாஸ்திரி எங்கிருந்து வந்தது? கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்?"

நித்தியானந்தன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்திரி ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடும் வகை. கோணாமல், மெல்லிய பட்டையாக, பொறுமையாக ஒட்டியிருந்தது. வெட்டிய இடத்துக்கு முந்தைய படத்தில் சிலையடியில் உட்காரும் வாங்குப் பலகை வெறுமையாக இருந்தது. பிந்தைய படத்திலும் வெறுமைதான். ஆனால் வாங்கின்மேல் தோடம்பழத் தோல் ஒன்று, ஆரஞ்சுத் தோல்தான், அறாமல் ஒரே சுருளாகக் கிடந்தது.

"வாரும், மண்டபத்துக்குப் போவம்," என்றார்.

மண்டபத்தில் அன்செல்மோ ஏற்கெனவே வந்து நின்றார். ஊர் வாய்க்கு மூடி உண்டா? பழி அவர் காதுக்கு எட்டியிருந்தது. முகம் சிவக்க அவர் சொன்னார்: "கடிதத்தை வாசிக்கும் இடத்தோடு நான் எழுந்து போய்விட்டேன். வெட்டுவதென்றால் கடிதத்தைத்தான் வெட்டியிருப்பேன். சிலையை ஏன் வெட்டப் போகிறேன்? நான் கும்பிடுவதே அதைத்தானே!"

"கடிதம் அப்படியே இருக்கிறது," என்று லிகாயா மெதுவாக ஒப்புக்கொண்டாள். வெங்கட்ராமன் மஃப்ளரைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நித்தியானந்தன் பெட்டி வைத்திருந்த அலுமாரியைத் தடவிப் பார்த்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"பூட்டுத் திறப்பு ஆரிட்ட?"

"எங்கட வீட்டுக் குசினியில தொங்குது," என்று பதில் வந்தது வாசலிலிருந்து. டாக்டர் தேவராஜா, திரைப்படச் சங்கத் தலைவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். வாடிப்போன முகம். "மன்னிக்கவேணும், பிந்திப் போச்சு. இண்டைக்கு அண்ணாவின்ர திதி. விடியத் தொடங்கிப் பச்சைத் தண்ணிகூடப் பல்லில படேல்ல. அண்ணிக்குத் தலையிடியாம், படுத்திட்டா. நானே சோறு வடிச்சுக் காகத்துக்கு வைச்சனான்."

தேவராஜாவின் அண்ணன் மகேந்திரராஜாவை அறியாத தமிழர் சிட்னியில் இல்லை. கப்பல் இன்ஜினியர். ஐந்து வருஷத்துக்கு முன் தென்சீனக் கடலில் கப்பல் தீப்பற்றியபோது, இரண்டு பேரைத் தூக்கிவிட்டு மூன்றாமவனுக்காகத் திரும்பவும் கீழே இறங்கியவர். உடல் கிடைக்கவில்லை. அவர் பெயரில் நினைவு மலர், பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, பரிசு எல்லாம் உண்டு. விதவையான அண்ணி இராஜேஸ்வரியைத் தேவராஜாதான் இங்கே கூப்பிட்டுத் தாய்போல வைத்திருந்தார்.

"நீங்கள் புதன்கிழமை படம் பாத்தனீங்களோ, டொக்டர்?"

"எங்க? மண்டபத்தைத் திறந்துபோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினனான். அண்ணிதான் இருந்தவ. திரைச்சீலைக்குக் கரை தைச்சவ."

வெளியே வந்ததும் வெங்கட்ராமன் முணுமுணுத்தார். "திதியாம் திதி! போன வருஷம் இதே திதிக்கு வடை, பாயசம்னு இலை போட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் நாங்க நாற்காலி அடுக்கறச்சே அந்தம்மா மண்டபத்துக்கு என்ன கொண்டுவந்தாங்க தெரியுமா? மீன் கட்லெட்! நான் வெறும் பிஸ்கட்டைக் கடிச்சேன். அவங்க என்னடான்னா எனக்கு முன்னாடியே நின்னு ரெண்டு சாப்பிட்டாங்க."

நித்தியானந்தன் நடையை நிறுத்தினார். "இராஜேஸ்வரியோ? அவவே சாப்பிட்டவவோ?"

"ஆமா சார். அதுக்கென்ன?"

"ஐசே வெங்கட்ராமன்," என்றார் அவர், "உமக்குப் பசி வந்தது நல்லதாப் போச்சு."

அன்றிரவு வெங்கட்ராமனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான்கு பேர் தேவராஜா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். தேவராஜா, லிகாயா, வெங்கட்ராமன், நித்தியானந்தன். மாலை போட்ட மகேந்திரராஜா படம் சுவரிலிருந்து எல்லாரையும் பார்த்தது. இராஜேஸ்வரி தேநீர்த் தட்டோடு வந்தாள். ஒல்லியான உடம்பு, கண்கள் மட்டும் வீங்கியிருந்தன.

"வெட்டினவர் கடிதத்தைத் தொடேல்ல," என்று நித்தியானந்தன் தொடங்கினார். லிகாயாவுக்காக ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திலும் சொன்னார். "அப்ப அது படத்தில கோவம் கொண்டவர் இல்லை. வெட்டினபிறகு கவனமா ஒட்டியிருக்கு. படம் பழுதாகக் கூடாது எண்டு நினைச்சிருக்கிறார். பூட்டு உடையேல்ல. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியும் அலுமாரித் திறப்பும் ரெண்டும் இருக்கிற வீடு ஒண்டுதான்."

"என்ரை வீடோ?" தேவராஜா எழுந்துவிட்டார். "நான் அந்தப் படத்தைக் கண்ணாலயே காணேல்ல!"

"தெரியும். நீங்கள் நேற்றுப் பட்டினி கிடந்து காகத்துக்குச் சோறு வைச்சனீங்கள். உங்களைப் பொறுத்தவரை அண்ணா செத்துப்போனவர்." நித்தியானந்தனின் குரல் தணிந்தது. "ஆனால் இந்த வீட்டில இன்னொராள், ஒவ்வொரு வருசமும் காகம் சாப்பிடாமல் தண்ணிகூடக் குடியாத ஆள், நேற்று மீன் சமைச்சவ. சமைச்சுத் தானும் சாப்பிட்டவ. புருசன்ர திதியில ஒரு மனுசி மீன் சாப்பிடுறா எண்டால், அது திதியில்லை எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையில அதை அவவுக்கு ஆர் சொன்னது?"

தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன. வெங்கட்ராமன் பாய்ந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

இராஜேஸ்வரி மறுக்கவில்லை. உள்ளே போய்த் தேவாரப் புத்தகத்தை எடுத்துவந்து, அதனிடையே வளைத்து வைத்திருந்த பிலிமை மேசையில் வைத்தாள். பக்கத்தில் தேவராஜாவின் பூதக்கண்ணாடியையும் வைத்தாள்.

"ஓடேக்கை ஒழுங்காப் பாக்க ஏலாது," என்றாள். "கண் மூடித் திறக்கிறதுக்குள்ள எழும்பிப் போட்டார். நிப்பாட்டிப் பாக்கவேணும்போல இருந்தது. வியாழன் காலமை திறப்பை எடுத்துக்கொண்டு போனனான். களவுதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை." கடைசிச் சொல்லை லிகாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

தேவராஜா பிலிமை ஜன்னலில் பிடித்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது அண்ணா இல்லை," என்றார்.

"தோடம்பழத் தோலை அறாமல் உரிக்கிறதைப் பாருங்கோ, தம்பி. உங்களுக்கும் அப்பிடித்தானே உரிச்சுத் தாறவர்?"

"எப்ப எடுத்தது இது?" என்று அவர் லிகாயாவிடம் பாய்ந்தார்.

"எழுபத்தாறு, ஜனவரி," என்றாள் லிகாயா.

கப்பல் எரிந்தது எழுபத்து மூன்றில். தேவராஜா கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மடியில ஒரு பிள்ளை இருக்கு, அண்ணி."

"ஓம். கண்டனான். அதுக்குத்தான் உரிக்கிறார்."

"இதைப் போட வேண்டாம்!" வெடித்தார் தேவராஜா. "ஊருக்கு என்ன சொல்லிக்கொண்டு வந்தனாங்கள்? மூண்டாவது ஆளுக்காக நெருப்புக்குள்ள இறங்கினவர் எண்டு பிள்ளையளை மேடையில பேச வைச்சனாங்கள். எங்கட பரம்பரைக்கே அவர் ஒராள்தான் வீரன், அண்ணி!"

லிகாயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. அன்செல்மோ கத்தியதும் இதே குரல்தான். அவள் பிலிமை எடுத்து இராஜேஸ்வரியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் இது இல்லாமல் காட்டிக்கொள்கிறேன்." வெங்கட்ராமன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். சொந்த ஊரை அள்ளி இன்னொருத்திக்குக் கொடுக்கிறாளே இந்தப் பெண் என்றிருந்தது அவருக்கு.

இராஜேஸ்வரி மறுத்துத் தலையாட்டினாள். "இல்லை. ஒட்டிப் போடுங்கோ. இதில அவர் நகத்தளவு இருக்கிறார். எனக்குப் பெரிசாப் பாக்கவேணும்." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "வீரனை நீங்கள் வைச்சிருங்கோ, தம்பி. எனக்கு வேண்டாம். அஞ்சு வருசமா நான் அழுதது என்ரை மனுசனுக்கு."

தேவராஜா வெளியே போய்க் காரில் ஏறினார்.

சாயங்காலம் மண்டபத்தில் அறுபது பேர். அன்செல்மோகூடத் தன் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இராஜேஸ்வரி முதல் வரிசையில் தனியாக இருந்தாள். விளக்கு அணைந்தபின் யாரோ வந்து சுவரோரம் நின்றார்கள்.

மூன்றாவது சுருள் வந்தது. சிலை வந்தது. அதனடியில் ஒரு மனிதன் பிள்ளையை மடியில் வைத்து, தோடம்பழத்தை மெல்ல மெல்ல உரித்தான். பிள்ளை வாயைத் திறந்தது. அவன் சிரித்தான். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்து மறைந்தான்.

"வெங்கட்ராமன் அண்ணை," என்று முதல் வரிசையிலிருந்து இராஜேஸ்வரியின் குரல் கேட்டது. "இன்னொருக்காப் போடுங்கோ."

ஓடும் படத்தை நடுவில் நிறுத்துவது வெங்கட்ராமனின் அகராதியிலேயே இல்லை. நித்தியானந்தனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். சுருளைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மனிதன் உரித்தான், சிரித்தான், நடந்து மறைந்தான்.

வெங்கட்ராமன் மேலே ஓட்ட விசையில் கை வைத்தபோது, சுவரோரம் நின்ற டாக்டர் தேவராஜா கூப்பிட்டார்.

"இன்னும் ஒருக்கா."