ஒரு மஞ்சாடி குறைகிறது

அப்பாவின் நகைப் பட்டறைக்கு பேட்டரித் தராசு வந்ததும், பழைய சின்னத் தராசு வாலுவின் சொத்தாகிவிட்டது. வீட்டில் அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்கவே வேண்டாம்.

தராசோடு ஒரு தகர டப்பாவும் அவளுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் பொன்னை விதைகளால்தான் எடை போட்டார்கள். அதனால் விதையின் பெயரே எடைக்கும் பெயராகிவிட்டது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழற்சிக்காயிலிருந்து வந்த பெயராம் அது. டப்பாவில் குன்றிமணிகளும் மஞ்சாடிகளும் ஒரு பித்தளைக் கழஞ்சுக்கல்லும் இருந்தன.

அந்த மஞ்சாடிகள், அம்மா ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துப் பொறுக்கியவை. விடுமுறை நாளில் இருவரும் தராசு விளையாடுவார்கள். அம்மா தூரத்து ஊருக்கு நர்ஸ் வேலைக்குப் போனபின் வாலு டப்பாவைத் தொடவில்லை. தொட்டால் அழுகை வரும்.

இன்று மனசு கேட்காமல் திறந்தாள். ஒரு தட்டில் கழஞ்சுக்கல், மறு தட்டில் மஞ்சாடிகள். கல் இருந்த தட்டு கீழே இறங்கியது. எண்ணினாள். ஒன்று குறைந்தது.

கட்டிலுக்கு அடியில் தேடினாள். போன வருஷத்து ரப்பர்தான் கிடைத்தது. வேறு விதை பொறுக்கித் தருவதாக அப்பா சொன்னார். அவளுக்குச் சமாதானமாகவில்லை. அம்மா பொறுக்கியதை அல்லவா தொலைத்துவிட்டாள்!

சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது. வாலு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா, ஒரு மஞ்சாடியக் காணோம். நான்தான் எங்கயோ தொலைச்சிட்டேன்."

"நீ தொலைக்கலடா கண்ணு. ஊருக்குக் கிளம்புறப்போ நான்தான் எடுத்துட்டு வந்தேன். இங்க தலையணைக்கு அடியில வெச்சிருக்கேன். தூக்கம் வராதப்போ கையில வெச்சுப்பேன்."

தான் மட்டும்தான் ஏங்குவதாக இத்தனை நாளும் வாலு நினைத்திருந்தாள்.

"தபால்ல அனுப்பிடட்டுமா? உன் கணக்கு இடிக்குமே."

"வேணாம்மா. நீயே வெச்சுக்கோ. வரும்போது கொண்டு வா."

போனை வைத்ததும் டப்பாவிலிருந்து இரண்டு குன்றிமணிகளை எடுத்தாள். வாயில் வைக்காதே, விஷம் என்று பட்டறையிலிருந்தே அப்பா வழக்கம்போல் குரல் கொடுத்தார். அவற்றை மஞ்சாடிகளோடு சேர்த்தாள். தராசு மெல்ல ஆடி, நேராக நின்றது.

வாலு குனிந்து குன்றிமணிகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்:

"அம்மா வர்ற வரைக்கும்தான் உங்களுக்கு இங்க இடம்."