பதினோரு நிமிட மௌனம்

"சார், ஒரு மனுஷனோட குரலை யாராவது திருட முடியுமா?"

குடையை மடக்கக்கூட மறந்து வாசலில் நின்றபடி அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ரவிக்கைக் கையில் நான்கைந்து குண்டூசிகள் குத்தியிருந்தன.

"அம்மா டெய்லரா இருக்கணும்!" என்றார் லேமினேஷன், பெரிய மர்மத்தை உடைத்துவிட்டவர் போல.

லேமினேஷன் என்பது அவர் பெயரல்ல, தொழில். பக்கத்துக் கடையில் அட்டைகளுக்கு பிளாஸ்டிக் உறை போடுபவர். ஐம்பது வயதாகியும் துப்பறியும் ஆசை விட்டபாடில்லை. தன் கடையில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டு நாள் முழுக்க இங்கேதான் கிடப்பார். அந்த அட்டைக்கு மட்டும் இரண்டு முறை உறை போட்டிருக்கிறார்.

இந்த அறைக்குச் சொந்தக்காரரை ஊரார் கருந்திரையார் என்பார்கள். பாழாய்ப்போன வீடியோ, ஊமையான ஆடியோ, பாதியில் நிற்கும் படம் எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து சேரும். மற்றவர்கள் நூறு பொத்தான்களை அழுத்திச் செய்வதை, இவர் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டி முடித்துவிடுவார். மனிதருக்குப் பதற்றம் என்பதே கிடையாது. சில சமயம் நமக்கே எரிச்சல் வரும்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார்.

அம்மாள் சொன்னார். அவர் கணவர் அறிவிப்பாளர். முப்பது வருஷமாகக் கண்காட்சி, விளையாட்டு மைதானம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் அவர் குரல்தான் ஒலிக்கும். தொண்டையில் நோய் வந்து, பத்தொன்பது நாள் முன்பு அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி அவருக்குப் பேச்சு கிடையாது. கையில் ஒரு சிலேட்டு.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள், எங்களுக்காகப் பதினோரு நிமிஷம் பேசி வீடியோ எடுத்தாருங்க. அவரும் அவர் தம்பியும் மட்டும்தான் ரூம்ல இருந்தாங்க. 'உனக்குத் தைரியம் வர்றப்போ கேளு'ன்னு என் கையில குடுத்தாரு. ஆஸ்பத்திரியில உக்காந்து போட்டுப் பாத்தா வாய் அசையுது, சத்தமே வரலை."

"வேற எதிலாவது போட்டுப் பாத்தீங்களா?"

"என் போன், எதிர்வீட்டுக்காரங்க போன், ஸ்டுடியோக்காரரோட சின்ன ஸ்பீக்கர், எல்லாத்துலயும் பாத்தாச்சு. 'யாரோ குரலை அழிச்சிருக்காங்க'ன்னு அந்த ஸ்டுடியோக்காரர்தான் சொன்னாரு." அம்மாளின் குரல் தடித்தது. "யாரோ என்ன யாரோ? என் கொழுந்தன்தான்! ஆபரேஷன் வேண்டாம், வேற டாக்டரைப் பாக்கலாம்னு சொல்லிச் சொல்லி ரெண்டு மாசம் தள்ளிப் போட வெச்சான். அப்பவே அவன்கூடச் சரியாப் பேசுறதில்லை. அதைப் பத்தி இவரு வீடியோவுல திட்டியிருப்பாரு. வெளியில தெரியக் கூடாதுன்னு அழிச்சுட்டான். நான் அவன்கூடப் பேசுறதையே விட்டுட்டேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"சத்தியம் பண்றான். 'ஹெட்போன் மாட்டிக்கிட்டுதான் எடுத்தேன் அண்ணி, முழுசாக் கேட்டேன். குரல் தலைக்குள்ள நிக்காம, ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்ன மாதிரி இருந்துச்சு, ஆனா தெளிவா இருந்துச்சு'ங்கிறான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?"

லேமினேஷன் தொடையில் தட்டினார். "குற்றவாளி தானே வந்து மாட்டிக்கிட்டான் சார்!"

கருந்திரையார் அவரைப் பார்த்த பார்வையில் தொடை தட்டல் பாதியில் நின்றது.

"இப்போ என்ன அவசரம்மா?"

அம்மாள் அளவு நாடாவை விரலில் சுற்றினார். "தினமும் சிலேட்டுல 'கேட்டியா?'ன்னு எழுதிக் காட்டுவாரு. நான் 'கேட்டேங்க, ரொம்ப நல்லா இருக்கு'ன்னு பொய் சொல்லிட்டே இருக்கேன். உங்க குரல் போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்றது? இன்னைக்குக் காலையில எழுதிட்டாரு, 'சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்'னு."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

கருந்திரையார் முதலில் அம்மாள் நீட்டிய போனிலிருந்து அந்த வீடியோக் கோப்பை நகலெடுத்துக்கொண்டார். வந்த சரக்கில் கை வைப்பதில்லை, எதுவானாலும் நகலில்தான் என்பது அவர் பழக்கம். பிறகு படத்தை ஓடவிட்டார். திரையில் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையில் பெரிய மேடை மைக்கைப் பிடித்துப் பேசினார். மைக்கின் கழுத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. மைக்கிலிருந்து தடித்த கறுப்பு வயர் கேமரா பக்கம் போனது. மேசையிலிருந்த உள்ளங்கை அளவு ஒற்றை ஸ்பீக்கரில் குரல் வரவில்லை. 'ங்ங்ங்' என்று மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது.

"இந்த மைக் யாருதும்மா?"

"கொழுந்தனுக்கு மைக் செட் வாடகைக்கு விடுற தொழில். அவன்கிட்ட இருக்கிறதுலயே உசத்தியான மைக்காம். கேமரா யார்கிட்டயோ இரவல் வாங்கினது. ரெண்டையும் இணைக்கிற வயரைக்கூட அவனே ஈயம் உருக்கிப் பத்த வெச்சான். பெரிய கெட்டிக்காரன்!"

கருந்திரையார் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். அவருடைய நம்பிக்கையான கருவி எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். கோப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டதும் அது வரிசையாகப் பதில் சொன்னது. படம் ஒன்று, ஒலி ஒன்று, ஒலிக்கு இடது வலது என இரண்டு பாதைகள். அடுத்த வரியில், ஒலியின் உரப்பை அளக்கச் சொன்னார். எண்கள் வந்து விழுந்தன.

"லேமினேஷன், இதைப் பாருங்க. இந்த அளவு நல்லா சத்தமாப் பேசுற ஆளுக்கு வர்ற அளவு."

"ஆனா ஸ்பீக்கர்ல ஒண்ணும் வரலையே சார்? மெஷின் பொய் சொல்லுதா?"

"காதும் பொய் சொல்லலை, அளவும் பொய் சொல்லலை. அதுதான் விஷயம். இன்னொண்ணு. குரலை அழிக்கிறவன், கூட இருக்கிற இரைச்சலை மட்டும் பத்திரமா விட்டு வெப்பானா?"

லேமினேஷன் தலையைச் சொறிந்தார். பிறகு மூளை வேலை செய்ததும் துள்ளினார். "சார், ஹெட்போன் மாட்டிக் கேட்டுடுங்க! முடிஞ்சு போச்சு!"

"வேண்டாம். அந்தக் குரலை முதல்ல கேக்க வேண்டியது நான் இல்ல. அந்தம்மா."

அதற்குப் பதில், இரண்டு பாதைகளின் அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படம் வரையச் சொல்லிக் கருவிக்குக் கட்டளை கொடுத்தார். ஒரு நொடித் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவம் அந்த அம்மாள், குண்டூசியைப் பிடுங்குவதும் குத்துவதுமாக இருந்தார்.

"கொழுந்தனாருக்குப் போன் போட்டு, அந்த மைக்கையும் வயரையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

"நானா? அவன்கிட்டயா?"

லேமினேஷனே போட்டார். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மைக்கும் வயருமாகக் கொழுந்தன் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, கையில் சிலேட்டுடன் இன்னொருவர். திரையில் பார்த்த அதே மனிதர்.

அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, இவரை எதுக்குடா கூட்டிட்டு வந்தே?"

"நான் கூட்டிட்டு வரலை அண்ணி. போன்ல பேசினதைக் கேட்டுட்டு, வண்டியில ஏறி உக்காந்துட்டாரு. இறங்கச் சொன்னா இறங்குற ஆளா அண்ணன்?"

கருந்திரையார் நாற்காலியைக் காட்டி அறிவிப்பாளரை உட்கார வைத்தார். வயரை வாங்கி இரு முனைகளையும் விளக்கொளியில் பார்த்துத் தலையாட்டினார். மைக் பக்கம் மூன்று முள், கேமரா பக்கம் மெல்லிய ஒற்றை முனை.

"எல்லாரும் இருக்கீங்க. சொல்லிடறேன். குரலை யாரும் திருடலை. அழிக்கவும் இல்லை. அது அப்படியே இருக்கு."

அம்மாள் மூச்சை இழுத்தது அறை முழுக்கக் கேட்டது.

"மேடைக்காரங்க நல்ல மைக்குல ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. ஒரே குரலை ரெண்டு கம்பியில அனுப்புவாங்க. ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. நீள வயர்ல வழியில ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி இரைச்சல் ஒட்டிக்கும் இல்லையா? மேடையில இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அந்தத் தலைகீழை நிமித்தி ரெண்டையும் சேக்கும்போது இரைச்சல் போயிடும், குரல் நிக்கும். சரிதானே தம்பி?"

"ஆமா சார். நல்ல மைக்குன்னா அப்படித்தான்."

"கேமராவுக்கு இந்த வழக்கம் தெரியாதே! ஒரு கம்பியை இடது காதுன்னும், இன்னொண்ணை வலது காதுன்னும் எடுத்துக்கிச்சு. நீங்க ஹெட்போன்ல கேட்டப்போ, ஒவ்வொரு காதுக்கும் ஒரு குரல் தனித்தனியாப் போச்சு. அதனால கேட்டுது. ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்ன மாதிரி இருந்ததும் அதனாலதான். நீங்க சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்."

தலை குனிந்திருந்த கொழுந்தன் மெல்ல நிமிர்ந்தார்.

"அம்மாவோட போன், எதிர்வீட்டுப் போன், ஸ்டுடியோ பெட்டி, என் பெட்டி எல்லாத்துலயும் ஒத்தை ஸ்பீக்கர்தான். அது இடது, வலது ரெண்டையும் கூட்டித்தான் ஒலிக்கும். ஒரு கதவை ரெண்டு பேர் ரெண்டு பக்கமிருந்தும் ஒரே பலத்தோட தள்ளினா கதவு அசையுமா? அப்படித்தான் நேர்க் குரலும் தலைகீழ்க் குரலும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. ரெண்டு பக்கமும் நேராவே ஒட்டின இரைச்சல் மட்டும் மிஞ்சிச்சு. அந்த இரைச்சலைக் கேட்டப்பவே யாரும் அழிக்கலைன்னு தெரிஞ்சுது. அலையை வரைஞ்சு பாத்தேன். மேலே எங்கெல்லாம் மேடோ, கீழே அங்கெல்லாம் பள்ளம்."

"அப்போ தப்பு என்னுதுதான்" என்றார் கொழுந்தன். "போன்லயே எடுத்திருக்கலாம். அண்ணன் குரலுக்கு இருக்கிறதுலயே நல்ல மைக் வேணும்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க உக்காந்து வயரைப் பத்த வெச்சேன்."

அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுன்னு நெனச்சதா தப்பு? என் வாய்தான் தப்பு. எவ்வளவு பேசிட்டேன் உன்னை! மன்னிச்சுடுப்பா."

"விடுங்க அண்ணி, நீங்க திட்டாம வேற யாரு என்னைத் திட்டப் போறாங்க?"

அப்போது சிலேட்டில் பல்பம் கீச்சிட்டது. அறிவிப்பாளர் எழுதி மனைவியிடம் திருப்பிக் காட்டினார்: 'நீ கேக்கலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.'

"எப்படிங்க?"

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'தம்பிகூடப் பேசுன்னு அதுல சொல்லியிருந்தேன். நீ பேசலை. கேக்கத் தைரியம் வரலைபோலன்னு விட்டுட்டேன்.'

கருந்திரையார் சிரித்தே விட்டார். "நான் மூணு கட்டளை தட்டிக் கண்டுபிடிச்சேன். நீங்க வீட்டுல சும்மா உக்காந்தே கண்டுபிடிச்சிருக்கீங்க!"

நான்காவது கட்டளைதான் மருந்து. படத்தைத் தொடாதே, அப்படியே எடுத்து வை. வலது பாதையை விடு. இடது பாதையை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பு எழுது. ஒரே வரி. தேநீரை ஆற்றும் நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒற்றை ஸ்பீக்கரையே மேசை நடுவில் நகர்த்தி வைத்தார்.

"சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்றார் அம்மாள். "எங்களுக்காக அவர் பேசினது இந்த ஒண்ணுதாங்க எங்ககிட்ட இருக்கு. உங்க நாற்காலி மெத்தை கிழிஞ்சிருக்கே, நாளைக்கே வந்து நான் தெச்சுத் தரேன். ஆயுசுக்கும் தெச்சுத் தரேன்."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல கேளுங்க. நாங்க வெளியில இருக்கோம்."

லேமினேஷனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே நகர்த்தினார். ஆனால் அறிவிப்பாளர் கையை ஆட்டித் தடுத்தார். எல்லாரும் இருங்கள் என்று நாற்காலிகளைக் காட்டினார். கூட்டம் இருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும், தொழில் அப்படி.

அம்மாள் கடைசி நிமிடத்தில் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அளவு நாடாவை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கருந்திரையார் பொத்தானை அழுத்தினார்.

முதலில் அதே இரைச்சல். பிறகு ஒரு செருமல். பிறகு, முப்பது வருஷம் மைதானங்களை நிறைத்த குரல், வீட்டுக்குள் பேசும் அளவுக்கு இறங்கி வந்தது.

"இந்தா, உன்னைத்தான். கொஞ்சம் இங்க வாயேன்."

"தோ வந்துட்டேங்க!"

யோசிக்கவே இல்லை. சுவரைப் பார்த்து நின்றவர் சட்டென்று திரும்பி இரண்டடி எடுத்து வைத்துவிட்டார். அப்புறம்தான் யார் கூப்பிட்டது, எங்கிருந்து கூப்பிட்டது என்று உறைத்தது. அப்படியே நின்றார். கொழுந்தன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நாற்காலியில் இருந்தவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் வா என்று விரலால் மேசையை இரண்டு முறை தட்டினார்.

அம்மாள் போய் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"வந்துட்டேன்ல, சொல்லுங்க" என்றார்.