ஒளிவட்டம் வைத்த இத்தாலிக்காரர்

கிளியனூர் இருதயநாதன் ஓட்டுவது ஷேர் ஆட்டோதான். ஆனால் தெருவில் இறங்கி நடந்தால், ஏரோப்பிளேனை நிறுத்திவிட்டு வருகிறவர் மாதிரி நடப்பார்.

மாதா கோயில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவருக்கு ஒரு பழைய படம் கிடைத்தது. பின்னால் ‘இத்தாலி, 1908’ என்று எழுதியிருந்தது. படத்தில் ஒரு மீசைக்காரர். தலைக்குப் பின்னால் பெரிய வட்டம். அதற்குக் கீழே அவர் பார்க்கவேயில்லை.

“இத்தாலிக்காரரு, ஒளிவட்டம் வேற. புனிதரேதான்!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் இருதயநாதன்.

கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி, கீழ்ப்பாதியை மறைக்கிற மாதிரி குருத்தோலையும் செருகினார். “நாளைக்குத் திருவிழாவுல, கோயில்ல சாமியாரு கையால திறப்பு விழா!” என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் மெழுகுவத்திகூட வாங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம், அவருடைய பத்து வயது மகள் ரோஸ்லின் படத்தைத் துடைத்தாள். குருத்தோலை நழுவி விழுந்தது. புனிதரின் கையில் ஜெபமாலை இல்லை, ஸ்டீயரிங் இருந்தது! காரின் மூக்கில் 7 என்று எண்.

‘ரேஸ் ஓட்டுறவரு! நாளைக்கு ஊரே அப்பாவைப் பார்த்துச் சிரிக்குமே!’

தப்பு என்று நேராகச் சொன்னால் அப்பா குதிப்பார். ரோஸ்லின் படத்தோடு வாசலுக்குப் போனாள். அங்கே அவர் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். திருவிழாவன்று சாமியார் எல்லா வண்டியையும் மந்திரிப்பார்.

“அப்பா, உன் வண்டியில ஸ்டெப்னி எங்கப்பா?”

“பின்னாடிதான். ஏன்?”

“இவருக்கும் பின்னாடிதான்பா.”

இருதயநாதன் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒளிவட்டத்தில் டயர் கோடுகள் தெரிந்தன. தொப்பென்று படியில் உட்கார்ந்தார்.

“பேஜாராப் போச்சே! ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே!”

“திறப்பு விழா நடக்கட்டும்பா. கோயில்ல வேணாம், உன் ஆட்டோவுல மாட்டிடலாம். தார் ரோடே இல்லாத காலத்துல புழுதியில ஓட்டியிருக்காரு. உன்ன மாதிரி டிரைவருதானே?”

அப்பா மீசையைத் தடவினார். முகம் மெல்ல மலர்ந்தது.

மறுநாள் சாமியார் ஆட்டோவுக்கும் படத்துக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். “டிரைவருங்களுக்கெல்லாம் முன்னோடி!” என்று இருதயநாதன் முழங்கினார்.

“அப்போ அந்த ஒளிவட்டம்?” என்றாள் சவுரியம்மாள்.

“அது ஸ்டெப்னி, அக்கா. பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரியும்!”

ரோஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இருந்தாலும் சவுரியம்மாள் மெழுகுவத்தியை ஏற்றினாள். “புனிதரோ டிரைவரோ, இருக்கட்டும். திண்டிவனம் வரைக்கும் உன் ஆட்டோவுல போறவ நானாச்சே!”