முழந்தாளில் விழுந்த அடி

மேற்கு மலைத் தொடருக்குப் பின்னே கதிரவன் மறைய, ஆன்பொருநை ஆற்றின் மணற்பரப்பின் மீது இளநிலவு மெல்ல வெள்ளி பூசத் தொடங்கியது. வேறொரு நாளாக இருந்திருந்தால், வாசகர்களே, அந்த நதிக்கரையின் எழிலைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கலாம். அன்றோ, செங்குன்றக் கோட்டையின் மதிலை ஏற முயன்று மாண்ட மேழிநாட்டு வீரர்கள் அந்த மணலெங்கும் கிடந்தார்கள். காக்கைகள்கூடக் கரையாமல் வேலையில் மும்முரமாக இருந்தன.

பாசறையின் நடுக்கூடாரத்தில் காரிநங்கை ஒரு காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படை மருத்துவராயிருந்த தந்தை காய்ச்சலில் இறந்த பிறகு அவருடைய கத்திகளையும் பொறுப்பையும் ஏற்றவள் அவள். அந்தக் காலுக்குரியவன் மேழிநாட்டு மூத்த இளவரசன் நெடுஞ்சேந்தன். போர் முடிந்ததும் அவளை மணப்பதாக அவன் வாக்களித்திருந்தது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மதிலின் உடைப்பருகே முன்னேறிய இளவரசன் திடீரென்று விழுந்ததையும், மெய்க்காப்பாளன் உத்திரன் அம்பு மழைக்கிடையே அவனை முதுகில் சுமந்து வந்து ஓடத்தில் இக்கரை சேர்த்ததையும் பாசறை முழுவதும் பேசிக்கொண்டது. மேலிருந்து உருண்ட கல் முழங்காலில் மோதியது என்றார்கள். இளவரசனும் அப்படித்தான் நம்பினான்.

முழந்தாள் மூட்டு நழுவி, கீழ்க்கால் எலும்பு தொடையெலும்புக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. உத்திரன் தோள்களைப் பிடித்துக்கொள்ள, காரிநங்கை கணுக்காலைப் பற்றி இழுத்து எலும்பை இருப்பிடத்தில் சேர்த்துவிட்டாள். ஆனால் மூட்டில் பிடிப்பே இல்லை. உள்ளே எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்கள் அனைத்தும் அறுந்து, கால் எப்பக்கமும் ஆடியது. அதைக்கூடக் கட்டுப்போட்டுப் பார்க்கலாம். அவளை அச்சுறுத்தியது பாதம். அது ஆற்றுக் கல்லைப்போல் சில்லிட்டிருந்தது. உட்கணுவின் பின்னே எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தும் நாடி தட்டுப்படவில்லை. கெண்டைச்சதை மரக்கட்டையாய் இறுகிவிட்டது. விரல் நுனிகளில் கருமை ஏறிக்கொண்டிருந்தது.

முழங்காலின் பின்குழி வழியாகத்தான் காலுக்குரிய பெருங்குருதிக் குழாய் இறங்குகிறது. எலும்பு நழுவிய வேகத்தில் அது நைந்துபோயிருந்தது.

"இளவரசே, முழந்தாளுக்கு மேலே காலை எடுத்தாக வேண்டும்" என்றாள்.

நெடுஞ்சேந்தன் கூடாரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கம் குறைந்தவன் மேழிநாட்டு அரியணையில் அமர முடியாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்."

"அறிவேன். காலை விட்டுவைத்தால் நஞ்சு மேலேறும். பிறகு அரியணையும் இல்லை, தாங்களும் இல்லை."

காயத்தை மீண்டும் ஒருமுறை பரிசோதிக்கக் குனிந்தாள். அப்போதுதான் அவள் மனம் ஓரிடத்தில் தட்டி நின்றது. முன்னாலிருந்து கல் மோதியிருந்தால் முழங்காற் சில்லு நொறுங்கியிருக்க வேண்டும். சில்லோ முழுசாக இருந்தது. அதன்மேல் தோலில் கீறல்கூட இல்லை. காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். முழங்குழிக்குச் சற்றுக் கீழே, பின்புறத்தில், இரும்புப் பூண் பதிந்த வளையமாக ஒரு கன்றல்.

அவள் நிமிர்ந்தாள். "இந்த அடி பின்னாலிருந்து விழுந்தது. தங்கள் பின்னே நின்றது யார்?"

இளவரசனின் தோள்களைப் பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின.

"நான்தான்" என்றான் உத்திரன். "என் பெயர் உத்திரன் அல்ல. செங்குன்றத்தை ஆளும் வேளின் இளைய மகன் கொற்றன் நான். தங்களைக் கொல்வதாக என் தந்தையின் முன்னே வாளைத் தொட்டுச் சூளுரைத்து வந்தவன்."

வாயிற்காவலர்களை அழைக்க எழுந்த காரிநங்கையை இளவரசன் கையமர்த்தினான். வலியில் அவன் உதடு வெளுத்திருந்தது. "என் கழுத்து உனக்கு எட்டும் தூரத்தில்தானே இருந்தது, கொற்றா? காலை ஏன் அடித்தாய்?"

"கழுத்தை வெட்டத்தான் வாளை உருவினேன். தாங்கள் இட்ட சோற்றை இத்தனை ஆண்டுகள் உண்டவனால் முடியவில்லை. கால் முடங்கினால் முற்றுகையை விட்டுத் திரும்பிப் போவீர்கள், என் மக்களும் பிழைப்பார்கள் என்று எண்ணி, பூணிட்ட தண்டத்தை வீசினேன். கால் போகும் என்று எனக்குத் தெரியாது."

நெடுஞ்சேந்தன் சொன்னவை அமைதியான சொற்கள்தாம். எனினும் கொற்றனுக்கு அவை வாளைவிடக் கொடியனவாக இருந்தன. கோட்டை பணிந்தால் ஒருவரையும் கொல்வதில்லை என்று இளவரசன் முடிவு செய்திருந்தான். இனிப் படைத்தலைமை அவன் தம்பி விடங்கனுடையது. பாசறைக்கு வடக்கே குதிரைப்படையோடு காத்திருக்கும் விடங்கன், பிடித்த ஊரில் தொட்டில் குழந்தையைக்கூட விட்டுவைப்பவன் அல்லன்.

கொற்றன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழுவதற்கு நேரமில்லை" என்றான் இளவரசன். "என் தோளைப் பிடி. இவர் வேலையை முடிக்கும்வரை விடாதே. அதன்பின் ஆற்றைக் கடந்து உன் தந்தையிடம் போ. பெண்டுகளையும் குழந்தைகளையும் பின்மலை வழியே இறக்கிவிடச் சொல்."

மயக்க மூலிகை கலந்த தேறல் இளவரசனுக்குப் புகட்டப்பட்டது. அதன் பின் அங்கே நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரிநங்கை விரைவாக அறுத்தாள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குருதியை நிறுத்தினாள். ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் கை நின்றிருக்கும். தோள்களைப் பிடித்திருந்தவன் கடைசிவரை பிடியைத் தளர்த்தவில்லை.

எல்லாம் முடிந்ததும் அவள் கூடாரத்தின் பின்திரையை விலக்கினாள். "அவர் உன்னை மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்காகத்தான் உன்னைப் போகவிடுகிறேன்" என்றாள். கொற்றன் அவளை வணங்கிவிட்டு நாணற்புதருக்குள் மறைந்தான். சற்றைக்கெல்லாம் நிலவொளி படர்ந்த நீரில் ஒரு தலை அக்கரையை நோக்கி நகர்ந்தது. பாசறைக் காவலர்களின் அம்புகள் அதைச் சுற்றிலும் பாய்ந்தன. தலை முங்கியது, நெடுந்தொலைவில் மீண்டும் எழுந்தது.

விடிவதற்குள் விடங்கனின் முரசு பாசறைக்குள் நுழைந்துவிட்டது. அதற்குள் செங்குன்றத்தின் பின்சரிவில் தீவட்டிகள் வரிசையாக இறங்கிக் காட்டுக்குள் மறைந்திருந்தன. கோட்டை வெறிச்சோடியதை ஒற்றர்கள் உரைக்கக் கேட்ட விடங்கன், சினத்தால் சிவந்த கண்களோடு நடுக்கூடாரத்துக்குள் புகுந்தான். தமையனின் வெட்டுண்ட காலை ஒரு கணம் பார்த்தான். அவன் முகத்தில் துயரத்தின் சாயல்கூடத் தோன்றவில்லை.

"ஆற்றை நீந்திப் போன துரோகியை இங்கிருந்து அனுப்பியது யார்? என் தமையனாரா?"

நெடுஞ்சேந்தன் மருந்தின் மயக்கத்தில் ஆழ்ந்திருந்தான். ஆமென்று ஒரு சொல் போதும். அங்கம் இழந்த இளவரசன் அரச துரோகியும் ஆகிவிடுவான். காரிநங்கை கட்டிலுக்கும் விடங்கனுக்கும் இடையே வந்து நின்றாள்.

"அவர் ஒன்றும் அறியார், இளவரசே. அனுப்பியவள் நான்."