கோழி உட்கார்ந்த சீட்டு

வில்லியனூரில் மெக்கானிக் மரியதாஸ் வீட்டுக் கோழிக்கு இருந்த சொகுசு வேறு யாருக்கும் இல்லை. பட்டறைக்குப் பின்னால் கிடந்த தோலுறை போட்ட கார் சீட்டில் உட்கார்ந்துதான் அது முட்டையிடும்.

மரியதாஸின் மகள் இன்பமேரிக்கு அந்தக் கோழியைக் கண்டாலே ஆகாது. அது உட்கார்ந்திருப்பது அவளுடைய இடம்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் புதுச்சேரியிலேயே விட்டுப்போன பழைய காரை அப்பா வாங்கி வந்தது 1971இல். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா அதன் கூரையை வெட்டி எறிந்தார். தகரத்தைத் தட்டித் தட்டி மூக்கு நீண்ட புது உடம்பு செய்தார். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பலமடங்கு உறுமும்படி கோத்தார்.

சோழவரம் கார் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் கனவு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சடை காற்றில் பறக்க, ஒரே ஒருமுறை போக வேண்டும் என்பது அவள் கனவு.

ஆனால் பக்கத்து சீட்டை அப்பா கழற்றிப் பட்டறைக்குப் பின்னால் போட்டுவிட்டார்.

“எட கொறஞ்சாதான்டி வண்டி பறக்கும்.”

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கோழியைத் துரத்திவிட்டு சீட்டில் உட்காருவாள். கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே உறுமுவாள். ஏக்கம் தீராது. கோழி வேறு பக்கத்தில் நின்று முறைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வெள்ளோட்டம். கார் விழுப்புரம் ரோட்டில் உறுமிக்கொண்டு போனது. தெருவே நின்று பார்த்தது.

அந்த ரோட்டிலிருந்து முதலில் வந்தவர், சைக்கிளில் கீரை விற்கும் சிங்காரவேலு. “உங்கப்பா பின்னாடி வந்துனு இருக்காரு பாப்பா. நான் முந்தினு வந்துட்டேன்,” என்றார்.

சற்று நேரத்தில் ஒரு கரும்பு வண்டி ஆடி அசைந்து வந்தது. அதன் பின்னால், மாடுகளின் வேகத்திலேயே, அப்பாவின் கார்.

“இன்னாப்பா ஆச்சு?”

“பிரெஞ்சுக்காரன் வண்டியில ஸ்டீரிங் இடது பக்கம் இருக்குது. முன்னாடி கரும்பு வண்டி போனா எதுக்க இன்னா வருதுன்னே தெரியல. எட்டிப் பாத்தா வயக்காடுதான் தெரியுது.”

“ஸ்டீரிங்க மாத்தேன்பா.”

“மொத்தத்தயும் கழட்டணும். பந்தயம் அடுத்த மாசம். சோழவரம் வரைக்கும் எப்படி ஓட்டினு போறது? வுடு, வேணாம்.”

அப்பா காரின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார்.

இன்பமேரி நேராகப் பின்பக்கம் போனாள். கோழியை விரட்டினாள். சீட்டை இழுத்து வந்து, காரின் வலது பக்கத்தில் தரையிலேயே போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க குந்தினா ரோடு பூரா தெரியும்பா. நான் பாத்துச் சொல்றேன்.”

“எட ஏறுமேடி.”

“பந்தயத்துல கழட்டிடு. அங்க எதுக்க வண்டி வராதில்ல?”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

சீட்டைப் பூட்டி இருவரும் ஓட்டிப் பார்த்த முதல் நாளே பெரிய தப்பு நடக்க இருந்தது. அவள் “வேணாம்” என்று கத்தினாள். காற்றிரைச்சலில் அப்பா காதில் “வா” என்று விழுந்தது. எதிரே பஸ்! மயிரிழையில் தப்பினார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தினார் அப்பா.

இன்பமேரி யோசித்தாள். எவ்வளவு சத்தத்திலும் டிரைவருக்குப் புரிகிற பேச்சு பஸ் கண்டக்டருடையதுதானே?

“இனிமே போலாம்னா ‘ரைட்’. இல்லன்னா ‘ஹோல்டான்’. ஒண்ணும் சொல்லலன்னா நீ பின்னாடியே போ.”

சோழவரம் போன அன்று வழியெல்லாம் அவள் குரல்தான். கரும்பு வண்டி, வைக்கோல் லாரி, கல்யாண பஸ். “ஹோல்டான்… ஹோல்டான்… ரைட்!” கார் பறந்தது. சடை பறந்தது. இந்த ரோடு முடியவே கூடாது என்று இருந்தது அவளுக்கு.

ஆனாலும் சோழவரம் வந்துவிட்டது.

அப்பா ஸ்பேனரை எடுத்தும் தயங்கி நின்றார்.

“கழட்டுப்பா,” என்றாள் அவள். சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

கழற்றிய சீட்டை, பந்தயம் பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் போட்டு, அதில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள்.

கார்கள் வரிசையாக நின்றன. கொடி உயர்ந்தது. அப்பா பழக்க தோஷத்தில் தன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் தகரம்தான் இருந்தது. அடுத்து அவர் கண்கள் கூட்டத்தில் அவளைத் தேடின.

கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது. இருந்த குரலைத் திரட்டி, “ரைட்,” என்றாள்.